ரிங் கேப்பில் விட்ட காகிதம்

என் வேனில் இருந்தது வேன் எஞ்சினே இல்லை. எங்கோ ஓடி ஓய்ந்துபோன ஒரு காரின் டீசல் எஞ்சின். இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த வருடங்களில் எங்கள் பக்கம் இது சர்வசாதாரணம். பெட்ரோல் வேன் ஒன்றை மலிவாக வாங்குவார்கள். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் பழைய கார் எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து அதற்குள் உட்காரவைத்துவிடுவார்கள். எனக்கு முன்னால் அந்த வேனை வைத்திருந்தவரும் அப்படித்தான் செய்திருந்தார். எஞ்சின் இருந்தது முன்பக்கத்தில், என் சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவில். அதன் மேல் தகர மூடி. மூடியின் மேல் மடித்துப் போட்ட சாக்கு. அந்தச் சாக்கின் மேல் என் மனைவி உட்கார்ந்து வருவாள்.

ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களில் காலையில் பெண்களை ஏற்றி ஒரு பட்டாசு யூனிட்டில் கொண்டுபோய் விடுவதும், சாயங்காலம் அவர்களைத் திரும்ப ஏற்றிவந்து அவரவர் ஊரில் இறக்குவதும் என் வேலை. என் மனைவிக்கும் அதே யூனிட்டில்தான் பேக்கிங் வேலை. வேன் எப்போதும் பிதுங்கித்தான் ஓடும். எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சுவது அந்த மூடிதான் என்று நான் நினைத்திருந்தேன். டிரைவர் பெண்டாட்டிக்கு முன்சீட்டு என்று பெண்கள் கேலி பேசுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே ஏறுவாள்.

காலையில் எனக்குப் பயம் கிடையாது. தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, கையில் தூக்குவாளியோடு ஏறும் அவர்களைப் பார்த்தால் ஏதோ விசேஷ வீட்டுக்குப் போகிற கூட்டம் என்றுதான் யாருக்கும் தோன்றும். சாயங்காலம் அப்படி இல்லை. கை கால் முகமெல்லாம் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். ஆனாலும் காதோரத்தில், நகக்கண்ணில், சேலை மடிப்பில் அலுமினியத் தூள் வெள்ளியாக மின்னும். எவள் சேலையில் என்ன மருந்து ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எல்லாமே தீப்பிடிக்கிற சரக்கு என்று மட்டும் தெரியும். அந்தச் சேலையோடு என் மனைவி சூடான எஞ்சினுக்கு மேல் வந்து உட்காருவாள். வீடு சேரும்வரை என் முதுகில் வேர்வை வற்றாது.

அந்த வருடம் ஆடி பிறந்ததும் எஞ்சின் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. காலையில் ஊற்றினால் அடுத்த நாள் காலையில் காணோம். பின்னால் நீலப் புகை. அது போதாது என்று எண்ணெய் ஊற்றுகிற வாய் வழியாகவும் புகை கிளம்பி, தகர மூடியின் இடுக்கில் கசிந்து வண்டிக்குள்ளேயே வந்தது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"ஏங்க, அடியில என்னமோ பெருமூச்சு விடுது. அதுக்கு என்ன கவலையோ" என்று ஒரு நாள் சொன்னாள்.

பெண்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்குகள் தேய்ந்துபோனால் மேலே எரிய வேண்டியது கீழே இறங்கும், கீழே இருக்க வேண்டிய எண்ணெய் மேலே ஏறி எரியும் என்ற அளவுக்கு எனக்கும் வண்டியைப் பற்றித் தெரியும். ஆனால் தீபாவளி சீசன். எஞ்சினை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் யூனிட்டில் வேறு வேனைப் பிடித்துவிடுவார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு சாயங்காலம், யூனிட்டை விட்டுக் கிளம்பி ஓடைப் பாலத்து ஏற்றத்தில் வண்டியை மிதித்தேன். கடைசி சீட்டிலிருந்து ஒரு சத்தம்.

"அண்ணே, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்கண்ணே! புகைக் குழாயில நெருப்பு விழுது!"

நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். மங்கலான வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. சைலன்சருக்குள் கரியாகப் படிந்திருந்த எண்ணெய் கங்காகப் பெயர்ந்து விழுந்திருந்தது. ஆடிக் காற்றில் அது அணையாமல் காய்ந்த புல்லுக்குள் சிவந்து சிவந்து கிடந்தது. செருப்புக் காலால் மிதி மிதியென்று மிதித்தேன். அணைந்த பிறகும் மிதித்தேன். நிமிர்ந்து பார்த்தால் வேனுக்குள் ஒருத்திகூட இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லாமலே அத்தனை பேரும் இறங்கி, காற்று அடிக்கிற திசைக்கு எதிர்ப்பக்கமாகக் கம்மங்காட்டுக்குள் தூரமாகப் போய் நின்றிருந்தார்கள். என் மனைவியும் அவர்களோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் அந்தக் கங்குக்கு மேலே இவளை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் யூனிட்டின் போர்மேன், மெயின் ரோட்டிலிருந்து யூனிட்டுக்குப் பிரிகிற விலக்கிலேயே என்னை மறித்துவிட்டார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, யார் சொல்லியிருந்தாலும் அது தப்பில்லை.

"ரிங்கு போச்சுய்யா உன் வண்டியில. வேல பாத்துட்டு வா. அதுவரைக்கும் இந்த விலக்க தாண்டி டயரு வரப்படாது" என்றார்.

பெண்களை ஏற்றிப்போகச் சொல்லி எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு, வேனைச் சாத்தூருக்கு வெளியே ஹைவேயில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே மெக்கானிக் ஒரு பாய். கை சுத்தம், வாய் கொஞ்சம் அதிகம். எஞ்சினை இறக்கிப் பிரித்ததும் அவர் ஒரு ரிங்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் வாய் பிளந்த வளையல் மாதிரி இருந்தது. விளிம்பு பிளேடு போல் தேய்ந்திருந்தது.

"தம்பி, இத வச்சுக்கிட்டா பட்டாசுக்கு ஆளு ஏத்துனீக? அல்லா காப்பாத்தியிருக்கான்" என்றார்.

சிலிண்டரை விருதுநகர் லேத்துக்கு அனுப்பி உள்சுற்றைக் கடைந்து வாங்கினோம். அதற்கேற்ற புதுப் பிஸ்டன்களும் புது ரிங்குகளும் வந்தன. இனிமேல் பூட்டிவிட வேண்டியதுதானே என்று நினைத்தேன். அப்போதுதான் பாய் ரிங் கேப்பைப் பற்றிச் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாகத் தூக்கமாவது வந்திருக்கும்.

விஷயம் இதுதான். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்தால் அதன் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் நகத்தின் கனத்துக்கும் குறைவாக ஓர் இடைவெளி வேண்டும். எஞ்சின் சூடாகச் சூடாக ரிங் நீளும், அந்த இடைவெளிக்குள் நீளும். இடைவெளி அதிகமாக இருந்தால் பழைய கதைதான், புகையும் எண்ணெயும் கங்கும். குறைவாக இருந்தால் இன்னும் மோசம். ரிங் நீளப் பார்க்கும், முனையும் முனையும் முட்டிக்கொள்ளும், நீள இடமில்லாமல் சிலிண்டர் சுவரில் நெரிந்து உடையும். ஓடுகிற எஞ்சின் ஓடுகிற வேகத்திலேயே இறுகி நிற்கும்.

"எஞ்சின் இறுகுனா என்ன ஆகும் பாய்?"

"என்ன ஆகும்? பிஸ்டன் மாட்டிக்கிரும். அதத் தள்ளுற ராடு ஒடஞ்சா எஞ்சின் வயித்தக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். சுடுற எண்ண பீச்சியடிக்கும்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் பார்த்த எஞ்சின்களுக்கு மேல் யாரும் உட்கார்ந்து வரவில்லை. இதுவரை ஒரு பக்கத்துப் பயம்தான் இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் பயம், நடுவில் ஒரு நகக்கன இடைவெளி.

அந்த இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் என்று ஒன்று உண்டு. வெவ்வேறு கனத்தில் மெல்லிய எஃகுத் தகடுகளை விசிறி மாதிரி கோத்திருக்கும். எந்தத் தகடு சரியாக நுழைகிறதோ அதுதான் இடைவெளி. பாயின் கேஜை யாரோ ஒரு டிராக்டர்காரர் இரவல் வாங்கிப்போய் இன்னும் திருப்பித் தரவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடைகளெல்லாம் அடைத்திருந்தன.

"கேஜு எதுக்கு? கண்ணால பாத்தே சொல்லிருவேன்" என்றார் பாய்.

"கண்ணால பாக்குற வேலையெல்லாம் வேண்டாம் பாய். அளந்தாத்தான் நான் வண்டிய எடுப்பேன்" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

அப்போது என் மச்சினனும் கூட இருந்தான். என் மனைவியின் தம்பி. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவன். வாரம் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு லீவு நாளில் எனக்கு ஒத்தாசை செய்ய வந்திருந்தான். அவன் சிரித்தான்.

"மச்சான், இதுக்குப் போயி இம்புட்டுச் சண்டையா? பிரஸ்ஸுல சிலிண்டருக்கு அடியில நாங்க காகிதம் வச்சுத்தான செட்டு பண்ணுதோம். மயிரிழை கூடுனாக் கூடப் படம் கலங்கிரும். உங்களுக்கு எந்தக் கனம் வேணும்னு சொல்லுங்க, அந்தக் கனத்துல காகிதம் கொண்டாறேன்."

பைக்கை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போனான். திரும்பும்போது, வாட்ச்மேனிடம் சொல்லிப் பிரஸ்ஸைத் திறந்து, காகிதக் கனம் பார்க்கிற மைக்ரோமீட்டரில் அளந்து, பாய் சொன்ன கனத்துக்கு ஏற்ற காலண்டர் அட்டையைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கொண்டுவந்திருந்தான். மழமழவென்று அழகான அட்டை. பின்பக்கத்தில் ஏதோ அம்மன் படத்தின் கிரீடத்துத் துண்டுகூட இருந்தது. வேறு ஊரில் என்றால் ஒரு மெக்கானிக் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார். எங்கள் பக்கத்தில் சிரிக்கமாட்டார்கள். காகிதத்தின் கனத்தைப் பற்றிச் சிவகாசிக்காரன் ஒன்று சொன்னால் அதற்குமேல் பேச்சு கிடையாது. பாயும் தலையை ஆட்டிவிட்டார்.

ஒவ்வொரு ரிங்காகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதைச் சமமாகக் கீழே தள்ளி, இடைவெளியில் கீற்றைச் செருகிப் பார்த்தோம். மச்சினன்தான் செருகினான். சில இடங்களில் லேசாகப் போனது. சில இடங்களில் இறுக்கமாகச் சரசரத்துப் போனது. 'போகுதுல்ல?' என்பான். 'போகுது' என்பார் பாய். எல்லாம் போனது. பிஸ்டன்களை உள்ளே இறக்கினார்கள், சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டை வைத்து இறுக்கினார்கள். மறுநாள் எஞ்சினை வண்டியில் ஏற்றிவிடலாம் என்றார் பாய். மச்சினன் அளந்து பார்த்த கீற்று ஒன்றை என் சட்டைப் பையில் செருகிவிட்டு, "பயம் வந்தா இத எடுத்துப் பாத்துக்கங்க" என்று கேலி செய்தான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அதை எடுத்துப் பார்க்கத்தான் செய்தேன். அட்டையின் ஓரத்தில் ரிங் முனைகள் பட்ட தடம் பளபளவென்று தெரிந்தது. விரலால் நிமிண்டினேன். தடம் பட்ட இடம் பள்ளமாக இருந்தது. மற்ற இடம் தடிப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பிறகு உறைத்தது. காகிதம் நசுங்கும். அட்டை போனது இடைவெளி சரியாக இருந்ததால் இல்லை, அட்டை நசுங்கிக்கொடுத்ததால். பிரஸ்ஸில் சிலிண்டருக்கு அடியில் வைக்கிற காகிதம் நசுங்கத்தான் வேண்டும், அதற்காகத்தான் அதை வைக்கிறார்கள். இங்கே இரண்டு இரும்பு முனைகளுக்கு நடுவில் அது நசுங்கியிருக்கிறது என்றால் அந்த முனைகள் இருக்க வேண்டியதைவிடப் பக்கத்தில் இருக்கின்றன.

சீசனில் யூனிட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு; போய்வந்த களைப்பில் என் மனைவி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். என்னங்க, காகிதத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கீக என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கீற்றை மறுபடி சட்டைப் பைக்குள்ளேயே வைத்தேன்.

விடிந்ததும் சிவகாசிக்குப் போய் மச்சினனைப் பிரஸ் வாசலுக்குக் கூப்பிட்டு அட்டையைக் கொடுத்தேன். அளந்து பார் என்றேன். முதலில் கோபப்பட்டான். காகிதத்தைப் பற்றி அவனுக்கே பாடமா என்றான். அப்புறம் உள்ளே போனான். திரும்பி வரும்போது அவன் முகத்தில் அந்தக் கோபம் இல்லை.

"தடம் பட்ட எடத்துல கம்மியாத்தான் இருக்கு மச்சான்" என்றான். "ரொம்பவே கம்மி."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னோடு சாத்தூருக்கு வந்தான். பாய் எஞ்சினைச் சங்கிலியில் கட்டித் தூக்குகிற முஸ்தீபில் இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஸ்பேனரைத் தூக்கி எறியாத குறை.

"கட்டி முடிச்ச எஞ்சின மறுபடி பிரிக்கச் சொல்றீகளா? கேஸ்கட்டு வீணாப் போகும். என் வேலையும் வீணாப் போகும். ஓடவிட்டா தானா செட் ஆயிரும் தம்பி. எத்தன எஞ்சின் கட்டியிருக்கேன் தெரியுமா?"

"நீங்க கட்டுன எஞ்சின் மேல எம்பொண்டாட்டி உக்காரப் போறா பாய்."

"எல்லாத்துக்கும் பயந்தா வண்டியே ஓட்டக்கூடாது!"

எனக்கும் சூடு ஏறிவிட்டது. அப்போ ஓட்டலை என்று கத்தினேன். மச்சினன் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் பிடித்தான். அந்த நேரத்தில்தான் அது கேட்டது.

டம் என்று ஒரு சத்தம். தூரத்தில், தெற்கே. தகரக் கூரை ஒரு முறை அதிர்ந்து நின்றது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சத்தம் காதில் கேட்பதில்லை, அடிவயிற்றில்தான் கேட்கும். பாய் வாயைத் திறந்தபடியே நின்றார். பக்கத்து டீக்கடையில் டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. ரோட்டில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். எல்லோருமே ஒரே திசையில் வானத்தைப் பார்த்தோம். முதலில் புகை எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பினால் அது எந்த யூனிட் என்று பார்க்க வேண்டும். அது தெரிந்த பிறகு அங்கே நம் ஆள் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு நினைத்துப் பார்க்க அவசியமே இல்லை.

அப்போது செல்போன் எல்லோர் கையிலும் வரவில்லை. வந்திருந்தாலும் யூனிட்டுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். எதிர்ப்புறம் இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். ரோட்டில் வருகிற லாரியைப் பார்த்தேனா என்றுகூட நினைவில்லை. யூனிட் ஆபீஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் ஓடிவிட்டார்கள், அதனால்தான் எடுக்கவில்லை என்று தோன்றியது. மறுபடி போட்டேன். என் விரல் இரண்டு முறை தவறான எண்ணில் பட்டது. மனதுக்குள் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. யூனிட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் அவளை மட்டும் கேட்டேன்.

கடைசியில் ஆபீஸில் ஒருவர் எடுத்தார். என் குரலைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இங்கன ஒண்ணுமில்ல டிரைவரே. கல்குவாரியில வேட்டு வச்சிருக்கான். காலையிலேயே சொல்லிட்டுத்தான் வச்சான். பதறாதீக."

ரிசீவரை வைத்துவிட்டு பூத்துக்குள் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பூத்தில் இருந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வந்தேன். பாய் எஞ்சின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஹெட் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மச்சினன் போல்ட்டுகளை வாங்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். நான் குவாரி வெடி என்றேன். பாய் நிமிராமலே தலையை ஆட்டினார். அவர் என்னோடு அதற்கப்புறம் வாதாடவே இல்லை.

எஃகு கேஜுக்காக விருதுநகருக்கே போய், சிலிண்டர் கடைந்துகொடுத்த லேத்துக்காரரிடம் கேட்டு வாங்கிவந்தேன். முதல் சிலிண்டரில் ரிங்கை வைத்துத் தகட்டைச் செருகினார் பாய். நுழையவில்லை. அதைவிட மெல்லிய தகடு. நுழையவில்லை. அதற்கும் மெல்லியதுதான் உள்ளே போனது. நாலு சிலிண்டரில் ஒன்றுதான் சரியாக இருந்தது. மற்ற மூன்றிலும் ரிங் முனைகள் ஒன்றோடொன்று ரகசியம் பேசுகிற தூரத்தில் நின்றன. பாய் தகட்டை என்னிடம் நீட்டி, நீங்களே செருகிப் பாருங்க என்றார். எஃகு வளைந்துகொடுக்காமல் முனையில் டக்கென்று நின்றது. சீசன் கூட்டத்தோடு, ஓடைப் பாலத்து ஏற்றத்தில், முழுச் சூட்டில் இந்த எஞ்சின் என்ன செய்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. மச்சினன் எழுந்து வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டான்.

பிறகு அரம். ரிங்கின் ஒரு முனையை மட்டும் ஒரே பக்கமாக, வெளியிலிருந்து உள்ளே லேசாக இழைக்க வேண்டும். ஒரு இழைப்பு, ஒரு அளவு. மறுபடி ஒரு இழைப்பு. கொஞ்சம் கூடிப்போனால் திரும்ப ஒட்டவைக்க முடியாது, அந்த ரிங் குப்பைக்குத்தான், பழைய புகைதான். பாய் இழைக்கும்போது நான் மூச்சு விடாமல் நின்றேன். தம்பி, மூச்சு விடுங்க, நீங்க விழுந்தா யாரு தூக்குறது என்றார். சிரிக்க முயற்சி செய்தேன், வரவில்லை. ஒவ்வொரு ரிங்கிலும் தகடு தடையில்லாமல், ஆடாமலும் போய்வருவதை நான் என் கையால் பார்த்த பிறகுதான் பிஸ்டனில் ஏற்றவிட்டேன்.

மறுநாள் எஞ்சினை வண்டியில் ஏற்றி முதலில் ஸ்டார்ட் பண்ணியபோது நான் கிட்டே நிற்கவில்லை. பாய்தான் சாவியைத் திருகினார். இரண்டு முறை செருமிவிட்டுப் பிடித்தது. சூடாகும்வரை ஓடவிட்டார். புகைக் குழாய்க்கு முன்னால் வெள்ளைத் துணியைப் பிடித்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அதைப் பார்க்கவே மறுபடி வந்திருந்த மச்சினன் என் தோளைத் தட்டினான். ஆனால் எனக்கு எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம் வரப்போகிறது என்று காதைத் தீட்டியே வைத்திருக்கத்தான் முடிந்தது. கொஞ்ச நாளைக்கு மெல்ல ஓட்டணும், மிதிக்கப்படாது, ரிங்கு சுவரோட பழகணும் என்று பாய் பலமுறை சொன்னார்.

அன்று சாயங்காலமே யூனிட்டுக்குப் போனேன். போர்மேன் பின்னால் குனிந்து குழாயைப் பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் கையை ஆட்டினார். பெண்கள் வந்தார்கள். வழக்கம்போல நகக்கண்ணெல்லாம் வெள்ளி. ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். என் மனைவி முன்பக்கம் வந்து மூடியின் மேல் ஏறப் போனாள்.

"இங்க வேண்டாம். பின்னாடி போ" என்றேன்.

"அங்கன எடம் ஏது?"

"நின்னுக்கிட்டு வா. இல்ல, யாரு மடியிலயாவது உக்காரு. இந்த மூடி மேல இனிமே யாரும் உக்காரப்படாது."

அவள் ஏறவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. நான் பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதும் சலசலவென்று பேசிக்கொண்டே இருக்கிற கூட்டம், தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தது.

"ஏங்க" என்றாள் என் மனைவி. "பின்னாடி எடம் என்னைக்கும் இருக்கத்தான் செஞ்சுது. நெருங்கி உக்காந்தா ஒரு ஆளு தாராளமா உக்காரலாம். நாந்தான் வேண்டாம்னேன்."

"எதுக்கு?"

"நீக இந்த வேன வாங்குன புதுசுலயே இவுகல்லாம் எங்கிட்டக் கேட்டாக. டிரைவரு புதுசு, வண்டி பழசு, ஏறவே பயமா இருக்கு, நீ எஞ்சின் மேல உக்காந்து வந்தா நாங்க நம்பி ஏறுதோம்னாக. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. நானும் சரின்னுட்டேன்." அவள் குரல் இறங்கியது. "நான் பின்னாடி போயிட்டா நீக மத்த டிரைவரு மாதிரிதான் ஓட்டுவீக. நான் இங்கன இருந்தாத்தான் பயந்து பயந்து ஓட்டுவீக. இவுக அம்புட்டுப் பேரும் வீடு போயிச் சேரணும்ல?"

முதலில் கோபம்தான் வந்தது. அவள் மேல், அந்தப் பெண்கள் மேல், என்னை நம்பாமல் அவளை ஈடாகக் கேட்டு வாங்கிய அத்தனை பேர் மேலும். அந்தக் கோபத்தோடு கண்ணாடியில் அவர்களைப் பார்த்தேன். காதோரத்து வெள்ளித் தூளும், கழுவியும் போகாத கைகளும் தெரிந்தன. அந்தக் கோபம் என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. நான் அவர்களுடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன். விலக்கு வரைக்கும் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை, பின்னால் வந்த வேன்களெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு முந்திக்கொண்டு போயின. வீட்டில் உலை வைக்கணும், பிள்ளை அழும், சீக்கிரம் போங்கண்ணே என்று தினமும் நச்சரிக்கிறவர்கள்தான் எல்லோரும். அன்றைக்கு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.